கூட யாரும் இல்லை

ஓசூர் ரயில் நிலையத்தில் நான் இறங்கியபோது பொழுது முழுதாகப் புலர்ந்திருக்கவில்லை. தெற்கேயிருந்து இரவெல்லாம் ஓடி வந்த வண்டி, என்னையும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய சில இளைஞர்களையும் இறக்கிவிட்டுப் பெங்களூரை நோக்கிப் போய்விட்டது. தெற்கே திரும்பும் வண்டி இருட்டிய பிறகு வரும். அதிலும் எனக்குப் படுக்கை பதிவாகியிருந்தது. இரண்டு வண்டிகளுக்கும் நடுவிலிருந்த அந்தப் பகல் முழுவதும் என்னுடையது என்றே நான் எண்ணியிருந்தேன். அது எவ்வாறு என்னிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும், பறித்தவர்கள் அனைவரும் நல்லவர்கள் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன். கெட்டவர்கள் பறித்திருந்தால் காவல் நிலையத்துக்குப் போயிருப்பேன். நல்லவர்கள் மீது புகார் கொடுக்க இந்த நாட்டில் ஓர் இடமும் இல்லை.

நான் அச்சகத்தில் பாரம் மடித்துப் பிழைத்தவள். பாரம் என்பது அச்சாகி வரும் பெரிய தாள். ஒரே தாளில் பல பக்கங்கள் தலைகீழாகவும் குறுக்காகவும் கிடக்கும்; மடிப்பு சரியாக விழுந்தால்தான் பக்கங்கள் வரிசையில் நிற்கும். பள்ளியில் நான் அதிகம் படிக்கவில்லை. மடித்த தாள்களைப் படித்தே எழுத்தும் இலக்கணமும் கற்றேன். ஒரு சொல் இடம் பெயர்ந்தால் ஒரு வாக்கியத்துக்கு என்ன கேடு வரும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட எனக்கே அந்தக் கேடு வந்தது.

என் கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். நாலைந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். பொங்கலுக்கும் ஊர்க் கோயில் கொடைக்கும் வருவார். வந்தால் அந்த ஊரைப் பற்றியே பேசுவார். காலையில் வாயைத் திறந்தால் புகை வரும் என்பார். வீட்டுக்காரரிடம் ஒரு மொழி, டீக்கடையில் ஒரு மொழி, வேலையிடத்தில் ஒரு மொழி என்பார். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஒரு புங்கமரம் இருப்பதாகவும், ஷிப்டு முடிந்ததும் அதனடியில் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் அறைக்குப் போவதாகவும் சொல்வார். அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்காத ஆண்டில்லை. கேட்கும்போதெல்லாம் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் எழும்: "கூட யாரு போறது?" மாமனாருக்கு முடியாது, கொழுந்தனுக்கு வேலை, பிள்ளை சிறியவன். கூடப் போக ஆளில்லாமலே அவருடைய வேலைக்காலம் முடிந்தது. பின்பு அவர் காலமும் முடிந்தது. அவர் உயிரோடு இருந்தவரை அந்த ஊரை நான் பார்க்கவில்லை.

இந்த வயதில், நானே பயணச்சீட்டு எடுத்துக்கொண்டு, தனியாகப் போய் வருவதென்று முடிவெடுத்தேன். என் மகன் சம்மதிக்க மறுத்தான். நான் சாப்பிட மறுத்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தான்.

"சரி, போ. ஆனா அங்கேருந்து யாராச்சும் எனக்குப் போன் பண்ணி, உங்கம்மா இப்படி ஆகிப்போச்சுன்னு ஒரு வார்த்த சொன்னாங்கன்னு வையி, அதோட சரி. அப்புறம் நீ கோயிலுக்குப் போனாக்கூட உன் மருமகதான் கூட வருவா."

"எவனும் போன் பண்ண மாட்டான்" என்றேன்.

இதுதான் அன்று என் மடியில் இருந்த பந்தயம். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போனாலும் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் நான் தனியே எங்கும் போக முடியாது.

நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. என் மருமகள் வயதில் ஒரு பெண் நடத்திக்கொண்டிருந்தாள். கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போயின. குளிர் உண்மையாகவே கடுமையாக இருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன், புகை வந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்து மகிழ்ந்தேன். அன்று நான் மகிழ்ந்தது அதோடு சரி.

"எந்தூரும்மா?" என்றாள் டீக்கடைப் பெண்.

சொன்னேன்.

"அவ்ளோ தூரமா! இங்க யாரு ஊட்டுக்கு?"

"யாரு வீட்டுக்கும் இல்லம்மா. சும்மா ஊரு பாக்க வந்தேன்."

"ஊரு பாக்கவா? இந்த ஊரயா?" என்று சிரித்தாள். "இங்க இன்னா கீது பாக்கறதுக்கு? கம்பெனி பஸ்ஸு, ரோசாப்பூ, தூசி. செரி, கூட யாரு வந்துகீறாங்க?"

"கூட யாரும் இல்லம்மா."

இந்த வாக்கியத்தை நான் இன்றும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அதில் பிழை ஏதும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் இருந்தது. ஆனால் அவள் முகம் மாறியது. கடையோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த காக்கிச் சட்டை ஆட்டோக்காரரிடம் திரும்பித் தெலுங்கில், "ஆமெக்கு எவரூ லேரண்ட" என்றாள். எங்கள் தெருவிலும் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. ஆகையால் எனக்குப் புரிந்தது. 'அவளுக்கு யாரும் இல்லையாம்.' ஆட்டோக்காரர் நாக்கால் 'ச்சு' கொட்டினார். பிறகு கைப்பேசியில் எவரையோ அழைத்து, கன்னடத்தில், "அஜ்ஜிகெ யாரூ இல்வந்தெ" என்றார். அஜ்ஜி, அதாவது பாட்டி, நான்தான் என்பதும், எனக்கு யாரும் இல்லை என்கிறார் என்பதும் கன்னடம் தெரியாத எனக்கே விளங்கியது.

நான் சொன்னது, என்னோடு யாரும் வரவில்லை என்பது. அது தெலுங்குக்குப் போனபோது 'கூட' என்ற சொல் வழியில் இறங்கிக்கொண்டது. கன்னடத்துக்குப் போனபோது அதைத் தேடவும் ஆளில்லை. நம் தமிழும் இதில் முழு நிரபராதி அல்ல. 'ஒருவர்கூட இல்லை' என்றால் ஒரே ஒருவரும் இல்லை என்று பொருளாகிறது. 'கூட' முன்னே நின்றால் துணை. பின்னே நின்றால் பஞ்சம். நான் முன்னே வைத்துச் சொன்னேன். அவர்கள் பின்னே வைத்து மடித்துவிட்டார்கள்.

ஆட்டோக்காரருக்கு என் மகனைவிடச் சற்று அதிக வயதிருக்கும். அருகில் வந்து குனிந்து, செவிடருக்குச் சொல்வதுபோல் உரக்கக் கேட்டார்.

"அம்மா! எங்க போவணும்?"

"மெதுவாப் பேசுங்க, காது நல்லாக் கேக்கும். சிப்காட்ல ஒரு கம்பெனி வாசலுக்குப் போகணும்."

"அங்க யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல. வாசலப் பாக்கணும்."

"வாசலயா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னது என் இரண்டாவது தவறு. உறவினர் வீடு என்றோ கல்யாணம் என்றோ ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்தப் பகல் எனக்கு மிஞ்சியிருக்கும்.

"புள்ளைங்க கீறாங்களாம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"மகன் இருக்கான். ஊர்ல."

"நம்பரு குடுங்க. பத்தரமா வந்துட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிர்றேன்."

"அத நானே சொல்லிக்கிடுவேன்."

"இப்பயே சொல்லுங்க, பாக்கலாம்."

"நான் எப்பப் பேசணும்னு நீங்க சொல்லக் கூடாது."

என் பையில் பட்டன் போன் இருந்தது. அதில் மகனின் எண் இருந்தது. அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை முன்பே சொல்லிவிட்டேன். கொடுக்க மறுத்தேன். என் மறுப்பும் எனக்கெதிராகவே திரும்பியது.

"பாத்தியாண்ணா?" என்றாள் டீக்கடைப் பெண். "புள்ளையப் பத்திக் கேட்டா மொகம் எப்பிடிப் போவுது பாரு. துணிமணியெல்லாம் எடுத்துனு வந்துகீது பாவம். அந்தப் பாவி இன்னா பண்ணி வெச்சானோ!"

"என் மகன் தங்கமானவன்" என்றேன்.

"பெத்த மனசுண்ணா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்பவும் உட்டுக் குடுக்குதா பாரு."

இந்த இடத்தில் நான் என் கோபத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். என்னோடு அதே வண்டியில் இறங்கிய இளைஞர்களில் ஒருவன் அதே கடையில் தனியே நின்று டீ குடித்தான். அவனோடும் யாரும் வரவில்லை. அவனை எவரும் எதுவும் கேட்கவில்லை. இளைஞன் தனியாக வந்தால் பயணி. கிழவி தனியாக வந்தால் செய்தி. அம்மா என்று அழைப்பார்கள். அழைத்த மறுகணமே அம்மாவின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை என்ற உரிமையும் அவர்களுக்கு வந்துவிடும். 'மேடம்' என்று அழைத்திருந்தால் கேட்ட இடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

டீயைக் குடித்து முடித்து முந்தானையால் வாயைத் துடைத்தபோது, ஆட்டோக்காரர் கைப்பேசியை என் பக்கமாக உயர்த்திப் பிடித்திருந்தார். வெயிலில் திரை தெரியாமல் அப்படிப் பிடிக்கிறார் போலும் என்று நினைத்தேன். வெயில் இன்னும் வரவே இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"ஏறுங்கம்மா, நான் கூட்டினு போறேன்" என்றார். கம்பெனி வாசலுக்குத்தான் என்று நம்பி ஏறினேன்.

கடைகளும் வங்கிகளும் பின்னே போயின. பிறகு வீடுகள் குறைந்தன. ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள் இருபுறமும் வந்தன. தைலமரங்கள் வந்தன. 'தளி' என்று வழிகாட்டிப் பலகை ஒன்று கண்ணில் பட்டது.

"ஏம்ப்பா, சிப்காட் இப்படியா போகும்?"

"சுத்திப் போறோம்மா. அந்தப் பக்கம் வேல நடக்குது."

"நெசமாவா?"

"நம்ம மேல நம்பிக்க வைங்கம்மா. நானும் ஒரு அம்மா வயித்துல பொறந்தவன்தான்."

அம்மா வயிற்றில் பிறக்காத ஆட்டோக்காரர் யாரும் உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வண்டி ஒரு கம்பிக் கதவுக்கு முன் நின்றது. பெயர்ப்பலகையில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. தமிழில் 'முதியோர் இல்லம்' என்றிருந்தது.

நான் இறங்க மறுத்தேன். உள்ளேயிருந்து கண்ணாடி அணிந்த ஒரு பெண்மணி வந்தார். அவர்தான் பொறுப்பாளர். என்னைவிட எப்படியும் இளையவர். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வாங்கம்மா. இனிமே இத உங்க வீடா நெனச்சுக்குங்க" என்றார்.

"எனக்கு வீடு இருக்கு."

"புதுசா வர்றவங்க எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. போகப் போகப் பழகிடும்."

"நான் பயணி. ராத்திரி வண்டி இருக்கு. இந்தாங்க டிக்கெட்டு."

அவர் வாங்கிப் பார்த்தார். அவருக்குச் சற்றுக் குழப்பம் வந்தது. ஆனால் ஆட்டோக்காரருக்கு வரவில்லை.

"அதான் மேடம்! டிக்கெட்டு போட்டு வண்டி ஏத்தி உட்டுட்டான் அந்த மவன்."

"இது திரும்பிப் போற டிக்கெட்டுய்யா! ஓசூர்லேருந்து எங்க ஊருக்கு. எழுத்துக்கூட்டிப் பாரு."

"சந்தேகம் வரக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் போட்டுகீறான் மேடம். வெவரமானவன்."

என் வாழ்நாளில் இவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்ததில்லை. சேலை நன்றாக இருந்தால் அனுப்பிவைக்கும்போது கட்டிவிட்டார்கள் என்பார்கள். பழையதாக இருந்தால் கவனிப்பாரில்லை. மகனை நல்லவன் என்றால் விட்டுக்கொடுக்காத தாய். கெட்டவன் என்றால் சொல்லவே வேண்டாம். கோபப்பட்டால் மனம் நொந்தவள். சிரித்தால் மனம் கலங்கியவள். இரக்கம் என்று ஒன்று ஒருவர் தலையில் ஏறிவிட்டால், எதிரே நிற்பவர் சொல்லும் எந்தச் சொல்லும் சாட்சியாகாது. திருடனுக்குக்கூட வாதாட ஒரு வக்கீல் உண்டு. என்னைக் கூடத்தில் உட்காரவைத்து உப்புமா கொண்டுவந்து வைத்தார்கள்.

"பையன் நம்பர் மட்டும் குடுங்கம்மா" என்றார் பொறுப்பாளர். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம உங்களை வெளிய விட எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"எனக்கு நான் பதில் சொல்லுவேன்."

"அப்படிச் சொன்னா எப்படிம்மா?"

கூடத்தின் ஓரத்தில் சுவரோடு ஒரு பெஞ்சு. அதில் சில முதியவர்கள் ஜன்னல் வழியே விழும் வெயிலுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், என்னைவிட மூத்தவர், வெள்ளை முடியை இறுக்கிக் கொண்டையிட்டிருந்தார். பொறுப்பாளரின் கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் கையை நீட்டினார்.

"அத இங்க குடு, பாக்கலாம்."

பொறுப்பாளர் கொடுத்தார். அந்தப் பெண் சீட்டை முகத்தருகே கொண்டுபோய், விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"ரிட்டன் டிக்கெட்டா இது?"

"ஆமா" என்றேன்.

"யாரு எடுத்தது?"

"நானே வரிசையில நின்னு எடுத்தேன்."

அவர் சீட்டை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் பேசாமல் பொறுப்பாளரிடம் பேசினார்.

"உட்டுடு மேடம் இவங்கள. கொண்டாந்து உடறவன் திரும்பிப் போறதுக்கு டிக்கெட்டு எடுக்க மாட்டான். என் புள்ளைகிட்ட நான் கேட்டேன். திரும்பிப் போவசொல்லோ எடுத்துக்கலாம்னான்."

ஆட்டோக்காரர் தரையைப் பார்த்தார். சீட்டு என் கைக்குத் திரும்பி வந்தது. அதை வாங்கும்போது என்னால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு நடந்தது கொடுமை. அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொடுமையைச் செய்தவன் எங்கேயோ நிம்மதியாக இருக்கிறான். அதற்கான தண்டனையாகத் தனியே வீதிக்கு வந்த என்னைப் பிடித்துவைக்கிறார்கள் என்பதுதான் என் வழக்கு. அவருக்காகப் பொங்க வேண்டிய கோபத்தையெல்லாம் என்மீது இரக்கமாகக் கொட்டிவிட்டார்கள்.

பொறுப்பாளர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு இன்னொன்றும் சொன்னார்.

"ஆனா தனியா மட்டும் அனுப்ப மாட்டேம்மா. இவர் கூட வருவார். நீங்க பாக்க வேண்டியதைப் பாத்துட்டு, இவரே உங்களை ரயில் ஏத்தி விடுவார். அதுக்காவது சரின்னு சொல்லுங்க."

சரி என்று சொல்லாவிட்டால் அங்கேயே மாலையாகிவிடும். சரி என்றேன். இவ்வாறாக, இத்தனை ஆண்டுகள் கிடைக்காத கூட வரும் ஆள் எனக்கு ஒரு வழியாகக் கிடைத்தார்.

தொழிற்சாலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. பெயர் மாறியிருந்தது, வாசல் மாறவில்லை என்று அங்கே டயர் பஞ்சர் ஒட்டுபவர் சொன்னார். எதிரே புங்கமரம் நின்றது. அதன் நிழல் முழுவதும் இருசக்கர வாகனங்கள். வேர்ப் பக்கமாக உட்காரும் அளவுக்கு ஒரு கல் இருந்தது. அவர் உட்கார்ந்த கல் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம். அதில் உட்காரப் போனேன்.

"ஐயோ, கீழ ஒக்காராதீங்கம்மா!" என்று கத்திக்கொண்டே ஆட்டோக்காரர் ஓடிப்போய்ப் பஞ்சர் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"எனக்குக் கல்லு போதும்ப்பா."

"சூடா கீதும்மா. ஒத்துக்காது."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்று வேர்க்கடலை உரித்துத் தின்றார். எனக்கும் உரித்துக் கொடுத்தார். வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார் என்று பயந்து வாங்கிக்கொண்டேன். வாசலில் நின்ற காவலாளி வந்து, "யாருங்க? இங்கலாம் ஒக்காரக் கூடாது" என்றார்.

"நம்ம அம்மாதாண்ணா" என்றார் ஆட்டோக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, தாழ்த்தியும் எனக்கு நன்றாகக் கேட்கும்படி, "யாரும் இல்லாதவங்க. பாவம், வாசலப் பாக்கணும்னு ஒரே அழுகாச்சி" என்றார்.

"நான் அழவே இல்ல!" என்றேன்.

"இல்லம்மா, அழல, அழல" என்றார், குழந்தையைச் சமாதானப்படுத்துவது போல.

காவலாளி இளகிவிட்டார். பஞ்சர் ஒட்டுபவர் தண்ணீர் கொண்டுவந்தார். ஷிப்டு முடிந்து வெளியே வந்தவர்கள் தங்கள் வண்டிகளை எடுக்க வந்து, என்னைச் சுற்றி நின்று, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மருமகள் எப்படி என்று கேட்டார்கள். என் கணவர் அந்த மரத்தடியில் வேலை முடிந்த களைப்போடு எவரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்றே நான் எண்ணியிருந்தேன். அவ்வாறே சிறிது நேரம் நானும் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே அந்த இரவுப் பயணம். என்ன நினைக்க வந்தேனோ அதை ஒரு நிமிடமும் நினைக்க முடியவில்லை. கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஆட்டோக்காரரே என்னை எழுப்பினார்.

நிலையத்தில் ஆட்டோ வாடகையை நீட்டினேன். கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

"அம்மாகிட்டப் போயி வாங்குவேனா?"

"வாங்கித்தான் ஆகணும். நீ ஆட்டோ ஓட்டுற, நான் ஏறி வந்தேன்."

"வேணாம்மா. புண்ணியமாப் போவுது."

அவருடைய புண்ணியத்துக்கு நான் பயன்பட்டேன். வாடகையை வாங்கியிருந்தால் நான் பயணியாகியிருப்பேன். வாங்காததால் இறுதிவரை ஆதரவற்றவளாகவே இருந்தேன். அதோடும் அவர் விடவில்லை. பெட்டிக்குள் ஏறிவந்து, எதிர்ப்படுக்கைக் குடும்பத்திடம், "கொஞ்சம் பாத்துக்குங்க, அம்மாவுக்கு யாரும் இல்ல" என்று ஒப்படைத்துவிட்டே இறங்கினார். வண்டி தருமபுரி தாண்டும்வரை அந்தக் குடும்பம் எனக்குச் சப்பாத்தி கொடுத்துக்கொண்டே இருந்தது. நான் என் பையிலிருந்த காராச்சேவை எடுத்து அவர்கள் எல்லோருக்கும் பங்கிட்டேன். அதையும் கண் கலங்கியே வாங்கிக்கொண்டார்கள்.

விடிந்ததும் வீட்டுக்கு வந்தேன். மகனுக்கு எந்த அழைப்பும் வந்திருக்கவில்லை. பந்தயத்தில் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

சில நாட்கள் கழித்து, மாலையில் மகன் வீட்டுக்குள் வந்த வேகத்திலேயே தெரிந்தது. கைப்பேசியை என் முன் நீட்டினான். அதில் நான் இருந்தேன். டீக்கடை முன்னால் முந்தானையால் வாயைத் துடைக்கிறேன். பார்ப்பவர்களுக்குக் கண்ணைத் துடைப்பதாகத் தெரியும். கீழே, பெற்ற மகனால் கைவிடப்பட்டு யாரும் இல்லாமல் ஓசூரில் தவிக்கும் தாய் என்றும், இந்தக் கல்நெஞ்சக்காரனைக் கண்டுபிடிக்கும்வரை பகிருங்கள் என்றும் எழுதியிருந்தது. எங்கெங்கோ சுற்றிவிட்டு அது எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

"போன் வராதுன்னு சொன்னியே! பாரு, ஊரே எனக்குப் போன் பண்ணுது. என் கூட வேல பாக்கிறவன் கேக்கிறான், ஏன்டா இப்படிப் பண்ணினன்னு."

"நீ தங்கமானவன்னு அங்கயே சொன்னேன்டா. யாரும் நம்பல."

"இனிமே நீ எங்கயும் தனியாப் போக வேண்டாம். முடிஞ்சு போச்சு. இப்ப வா, என் பக்கத்துல நின்னு, என் மகன் என்னை நல்லா பாத்துக்கிடுதான்னு சொல்லு. வீடியோ எடுத்துப் போட்டுருவோம்."

"மாட்டேன்."

"ஏன்?"

"பக்கத்துல ஒருத்தன் நின்னு ஒரு கிழவி பேசுனா, அவன் சொல்லச் சொல்லி அவ சொல்றான்னுதான் ஊரு சொல்லும்."

அவன் யோசித்தான். பிறகு, "அப்படின்னா நானே ஓசூருக்குப் போயி, அந்த ஆட்டோக்காரன ரெண்டுல ஒண்ணு பாக்கிறேன்" என்றான்.

"போ. நீ போயி நின்னா, புத்தி வந்து மகன் தாயத் தேடி வந்துட்டான்னு உன்னையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுவான்."

நான் மேலும் சொன்னேன். என் பயணத்தில் எந்தத் தவறும் நடக்கவில்லை. தவறான வண்டியில் ஏறவில்லை, பையைத் தொலைக்கவில்லை, விழவில்லை. குறித்த வண்டியில் போய்க் குறித்த வண்டியில் திரும்பினேன். தவறு நடந்ததெல்லாம் என்னைத் தனியே விடாதவர்களால். அதற்குத் தண்டனையாக இனித் தனியே விடக்கூடாது என்று நீயும் சொன்னால் அது எந்த ஊர் நியாயம்? யாரும் இல்லாதவள் என்று ஊரெல்லாம் பரப்பியதை நான் ஒருத்திதான் பொய்யாக்க முடியும். அதே டீக்கடைக்கு நான் மறுபடியும் தனியாகப் போக வேண்டும். மறுபடியும் தனியாகத் திரும்ப வேண்டும். கைவிடப்பட்டவள் இரண்டாம் முறை ஊர் பார்க்க வர மாட்டாள்.

அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. இந்த முறை அவனுடைய முறை போலும். மறுநாள் காலையில், "அந்தப் போட்டோவ அழிக்கச் சொல்லிட்டு வருவியா?" என்று கேட்டான். "சொல்லுவேன். ஆட்டோ வாடகையும் குடுத்துட்டு வருவேன்" என்றேன். தன் வண்டியிலேயே என்னை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போனான். முன்பதிவு வரிசைக்கு அவனும் உள்ளே வரப் பார்த்தான். வெளியிலேயே நில் என்றேன், நின்றான்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த இளைஞர் ஓசூருக்கா என்று கேட்டுவிட்டு, என் நரைத்த தலையைப் பார்த்தார்.

"கூட யாருங்கம்மா வர்றாங்க?"

அந்த வாக்கியத்தை இனி ஒருபோதும் சொல்வதில்லை என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். தெலுங்குக்குப் போனாலும் கன்னடத்துக்குப் போனாலும் சிதையாத ஒரு பதிலை அதற்குள் கட்டிவைத்திருந்தேன். அதில் 'கூட' இல்லை. 'இல்லை' என்பதும் இல்லை.

"நான் போறேன்" என்றேன்.

"அதில்லம்மா, உங்களோட..."

"நான் போறேன்" என்றேன் மறுபடியும். அவர் கீழ்ப் படுக்கை பார்த்துப் போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும் சீட்டையும் சேர்த்தே வாங்கினேன்.